எபிஜெனெடிக் சைலென்சிங்: எழுத்து மேல் விழுந்த புள்ளி

பெருங்குடல் புற்றுநோய்க்காரர் ஒருவரின் பரிசோதனை அறிக்கையில் ‘எம்எல்எச்1 புரோமோட்டர் மெத்திலேஷன்: உள்ளது’ என்று ஒரு வரி வரலாம். படித்ததும் வீட்டில் வயிற்றைக் கலக்கும். ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நல்ல செய்தி. ஏன் என்று புரிய, எபிஜெனெடிக் சைலென்சிங் என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘எபி’ என்றால் கிரேக்கத்தில் மேல். எபிடெர்மிஸ் என்றால் மேல்தோல் என்கிறோமே, அதே எபிதான். கரு படிப்படியாக உருவாகிறது என்ற பழைய கொள்கைக்கு ‘எபிஜெனசிஸ்’ என்று பெயர். அதிலிருந்து 1942இல் ‘எபிஜெனெடிக்ஸ்’ என்ற சொல்லை உண்டாக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவர இன்னும் பதினோரு வருடம் இருந்தது. ஒரே முட்டையிலிருந்து உடல் எப்படி உருவாகிறது, அதில் ஜீன்களின் பங்கு என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. இன்றைய பொருள் குறுகியது: டிஎன்ஏவின் எழுத்து மாறாமல், அதன் மேல் ஏறும் குறிகளால் ஜீனின் வேலை மாறுவது.

தமிழில் புறமரபியல், மேல்மரபியல் இரண்டும் புழங்குகின்றன. என் ஓட்டு ‘மேல்’ பக்கம். ‘புறம்’ என்றதும் காற்று, சாப்பாடு, சுற்றுச்சூழல் என்று மனம் வெளியே ஓடிவிடுகிறது. குறியோ எழுத்தின் மீதே உட்கார்ந்திருக்கிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினில் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்ன ஒட்டு, அதுதான் மெத்தில்.

நமக்கு இது புதிதில்லை. ‘ம’ எழுதி மேலே புள்ளி வைத்தால் ‘ம்’. எழுத்து அதேதான், உள்ளே இருந்த அகரம் மட்டும் அடங்கிவிட்டது. ஜீனைப் படிக்கத் தொடங்கும் இடம்தான் புரோமோட்டர். அங்கே இப்படிப் புள்ளிகள் மொய்த்தால் அந்த ஜீன் படிக்கப்படாது, அதன் புரதமும் உருவாகாது.

அப்புறம் ‘சைலென்சிங்’. இதை அமைதிப்படுத்தல் என்று எழுதினால் அழுகிற குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் இருக்கிறது. நடப்பது வாயடைப்பு. மேல்மரபு வாயடைப்பு என்றே சொல்லலாம்.

புற்றுநோயில் வாயடைக்கப்படுவது யார்? செல் கண்டபடி பெருகாமல் பிடித்துவைக்கும் ஜீன்கள். கட்டியடக்கி ஜீன்கள் என்று சொல்வோம். இப்படி ஒரு ஜீனுக்குப் பொதுவாக இரண்டு பிரதிகள். இரண்டும் கெட்டால்தான் ஆபத்து என்று குழந்தைகளின் விழித்திரைப் புற்றை வைத்து 1971இல் சொன்னார் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃப்ரெட் நட்ஸன். கெடுவது என்றால் எழுத்து அழிவது என்றே அப்போது நினைத்தார்கள். 1989இல் அதே விழித்திரைப் புற்றின் ஆர்பி1 ஜீனிலேயே மெத்தில் குறிகள் தென்பட்டன. அழிக்காமலும் கெடுக்கலாம்.

சரி, அந்த அறிக்கைக்கு வருவோம். எம்எல்எச்1 ஒரு பிழைதிருத்துநர். டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது விழும் எழுத்துப்பிழைகளைச் சரிசெய்ய வேண்டிய ஜீன். அது வேலை செய்யவில்லை என்றால் இரண்டு காரணங்களைத் தேடுவார்கள். பிறவியிலேயே எழுத்து பிழையாக இருந்தால் அது லிஞ்ச் நோய்க்குறி, அதாவது புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஒரு பரம்பரைக் கோளாறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பிழை போய்ச்சேர 50 சதவீத வாய்ப்பு. எழுத்து சரியாக இருந்து புள்ளி மட்டும் விழுந்திருந்தால், அது பெரும்பாலும் வயதான காலத்தில் அந்தக் கட்டிக்குள் மட்டும் நடந்த சங்கதி, வாரிசுக்குப் போகாது. அரிதாகப் பிறவியிலேயே புள்ளி விழுவதும் உண்டு. அதனால் நோயாளி இளவயதுக்காரர் என்றால் மருத்துவர் இன்னும் தோண்டிப் பார்ப்பார்.

புள்ளியை எடுக்கவும் முடியும். எலும்பு மஜ்ஜை நோயான மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோமுக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசாசைட்டிடின், சைட்டோசினைப் போலவே வேஷம் போட்டு டிஎன்ஏவுக்குள் நுழையும். மெத்திலை ஒட்டவரும் நொதி அதில் சிக்கிக்கொள்ளும். செல் பிரியப் பிரிய, புதுப் பிரதிகளில் புள்ளிகள் குறையும். எந்தப் புள்ளி வேண்டும், எது வேண்டாம் என்று மட்டும் அந்த மருந்துக்குத் தெரியாது. பெண்களின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கி வைத்திருப்பதிலும் இதே மெத்திலுக்குப் பங்கு உண்டு.