அணியக்கூடாதது எதடா?

கிளிநொச்சியில் போன மாதம் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தேன். திரையில் பெரிய எழுத்தில் 'அணியக்கூடிய உடல் இசைக்கருவித் தொழில்நுட்பம்' என்று போட்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெடியன் பக்கத்தில் இருந்தவனிடம் மெல்லக் கேட்டான்: "அப்ப, அணியக்கூடாதது எதடா?" சரியான கேள்வி.

விசயம் இதுதான். கையிலோ உடுப்பிலோ உணரிகளை (சென்சர்) பொருத்தி, ஆடுபவரின் அசைவைக் கணினி வழியாக ஒலியாக்குகிறார்கள். 1984இல் மிஷேல் வைஸ்விஸ் என்ற இசைக்கலைஞர் இரு கைகளிலும் கருவி மாட்டி வாசித்தார்; 1991இல் லெட்டீசியா சொனாமி என்ற இசைக்கலைஞர் தொடங்கியது சமையலறை ரப்பர் கையுறையில், விரல் நுனிகளில் உணரி, மற்றக் கையில் காந்தம். ஆங்கிலத்தில் இவற்றை 'வெயாரபிள்' என்கிறார்கள்; 'வெயார்' என்றால் உடுத்தல், அதன் வாலில் தொங்கும் 'ஏபிள்' இலத்தீன் வழி வந்தது, அவ்வளவுதான்.

அந்த வாலைக் கண்டதும் நம் மொழிபெயர்ப்பாளர்களின் கை தானாகவே 'கூடிய' என்று எழுதிவிடுகிறது. மடிக்கக்கூடிய, துவைக்கக்கூடிய, மீள்நிரப்பக்கூடிய என்று எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் இதுதான். தமிழில் வினைத்தொகை எதற்கு இருக்கிறது? ஊறுகாயை எவராவது 'ஊறவைக்கக்கூடிய காய்' என்று போத்தலில் ஒட்டி விற்கிறார்களா? ஊறிய, ஊறுகிற, ஊறும் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அதே வழியில் அணிகருவி. இசைக்கு என்றால் அணியிசைக்கருவி.

'உடல்' இன்னும் மோசம். தோல், துளை, நரம்பு, கஞ்சம் (உலோகத் தாளம்) என்று கருவிகளைப் பிரித்த பழையவர்கள் மிடற்றையும் ஒரு கருவியாக எண்ணினார்கள்; உடல் இசைக்கருவி என்றால் அதுதான், பாடுகிற தொண்டை. கையுறைக்குள் இருக்கும் கை சத்தம் போடுவதில்லை, ஒலிபெருக்கிதான் போடுகிறது.

முள்ளியவளைப் பக்கம் எனக்குத் தெரிந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர், கூத்துக்குச் சதங்கை கட்டுமுன் கணுக்காலில் பழைய வேட்டித் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவருக்குக் கையுறை வாசிப்புக் காணொளி ஒன்றைக் காட்டினேன். "கைக்குச் சதங்கை கட்டியிருக்கினம்" என்றார், காலில் இருந்து கண்ணை அதிகம் எடுக்காமல். சதங்கையில் மணியே ஒலிக்கும், இதில் அப்படியில்லை, சரி, ஆனாலும் பட்டறைக்காரரின் நான்கு சொல்லைவிட எனக்கு அது விளங்கியது.

அணி என்றால் கிரிக்கெட் அணி நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் மறுத்தார். அணிகலன் என்கிறோமே, அதைக் கேட்டு யாராவது மட்டையைத் தேடினார்களா?