டாப்ளரில் கேட்பது யாருடைய இதயம்?

கருவின் இதயத்துடிப்பை வீட்டிலேயே கேட்கும் டாப்ளர் கருவியின் நுனியில் இரண்டு படிகத் துண்டுகள் இருக்கும். ஒன்று நொடிக்கு 20 முதல் 30 லட்சம் முறை அதிர்ந்து, காதுக்கு எட்டாத ஒலியை வயிற்றுக்குள் அனுப்பும். மற்றது திரும்பி வருவதை வாங்கும். அசையாத தசையில் பட்ட ஒலி போனபடியே திரும்பும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அசையும் இதயச் சுவரில் பட்டாலோ, 30 லட்சத்தில் சுமார் 390 அதிர்வுகள் கூடும் அல்லது குறையும். அந்த வித்தியாசத்தைத்தான் ஸ்பீக்கர் ஒலிக்கிறது. நாம் கேட்பது 'லப்-டப்' அல்ல, அசைவுக்குக் கருவி கொடுக்கும் குரல்.

சிக்கலும் அங்கேதான். தாயின் ரத்தக்குழாய் அசைந்தாலும் ஒலி வரும். கருவுக்கு ஊட்டம் தரும் நஞ்சு (பிளசென்டா) இருக்கும் இடத்தில் 'உஸ்... உஸ்' என்று காற்றடிப்பது போலக் கேட்பது பெரும்பாலும் தாயின் துடிப்பே. கருவின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. குதிரை ஓட்டம் போல வேகமாக இருக்கும். திரையில் 140 என்று வந்தாலும் நம்பிவிடக் கூடாது: தாயின் 70-ஐக் கருவி இரட்டிப்பாக எண்ணியிருக்கலாம். கேட்கும்போதே மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். ஒலியும் நாடியும் சேர்ந்தே அடித்தால் அது உங்களுடையது.

சிங்கப்பூரில் மருத்துவச் சாதனங்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை பிரிக்கிறது. பி, சி, டி வகைகள் விற்பனைக்கு முன் பதிவாக வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடலாம். பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆனால் பதிவு என்பது கருவிக்குத்தான், அதைப் பிடிக்கும் கைக்கு அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்டிஏ 2014-லேயே, மருத்துவ மேற்பார்வை இல்லாமல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. அல்ட்ராசவுண்ட் திசுவை லேசாகச் சூடாக்கும் என்பது ஒரு காரணம். தேவையின்றி வைக்காதீர்கள்; வைத்தாலும் சில நிமிடங்களில் எடுத்துவிடுங்கள்.

தோலில் தடவும் ஜெல் தாராளமாக வேண்டும்; நுனிக்கும் தோலுக்கும் இடையில் காற்று இருந்தால் ஒலி தோலைத் தாண்டாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நுனி கெட்டுப்போகலாம். 12 வாரத்துக்கு முன் கேட்காவிட்டால் அதில் வியப்பில்லை. நஞ்சு முன்பக்கம் இருந்தால் பிறகும் கடினம்தான்.

பெரிய ஆபத்து, கேட்டுவிட்டதால் வரும் நிம்மதி. குழந்தையின் அசைவு குறைந்தால் கருவியைத் தேடிப் போகாதீர்கள். கேகே மருத்துவமனையின் 24 மணி நேர அவசரப் பிரிவுக்கோ, நீங்கள் பிரசவத்துக்குப் பதிந்த மருத்துவமனைக்கோ உடனே கிளம்புங்கள். அங்கே குழந்தையின் துடிப்பைக் கோடாகப் பதியும் சிடிஜி கருவியின் பட்டைகளை வயிற்றில் கட்டி, 20 நிமிடமாவது அந்தக் கோட்டைக் கவனிப்பார்கள். துடிப்பு எத்தனை என்பதோடு, குழந்தை அசையும்போது அது ஏறுகிறதா, ஏற்ற இறக்கமின்றித் தட்டையாகக் கிடக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.