கழுத்தில் சொடக்கு எடுத்தால் தூக்கம் வருமா?

காரைக்குடியில் பதினாறு வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். முழங்கால், தோள்பட்டை, பக்கவாதம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டு மூன்று வருடமாகப் புதிதாகச் சிலர் வருகிறார்கள். உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டுவார்கள். அதில் ஒருவர் கழுத்தைப் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்புவார். ‘கடக்’ என்று சத்தம் வரும். படுத்திருப்பவர் அப்படியே சொக்கிப்போவார். ‘கைரோபிராக்டிக்காம் சார், இதைச் செஞ்சா தூக்க மாத்திரையே வேண்டாமாம்.’

கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஆச்சி ஒருவரும் அப்படித்தான் கேட்டார். வயது எழுபதை நெருங்குகிறது. (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) ‘நாலு வருசமா பாதி மாத்திரை போட்டாத்தான் தம்பி கண்ணு மூடுது. பேராண்டிதான் இந்த வீடியோவை அனுப்புனான். ஒரு சொடக்கு எடுத்து விடேன்.’

மாத்திரை இல்லாமல் தூங்க வேண்டும் என்பது நல்ல ஆசை. அதற்குக் கழுத்து வழியாகப் போக முடியாது என்பதை ஆச்சிக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதையே இங்கே எழுதுகிறேன்.

கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் என்ற ஊரில் டி. டி. பால்மர் என்பவர் தொடங்கிய முறை. காது கேளாத ஒருவரின் முதுகெலும்பை அழுத்தியதும் காது கேட்டது என்றார். முள்ளெலும்பு இடம் பிசகுவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றும் சொன்னார். அந்தக் கொள்கை ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஆனால் முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை சில வகை இடுப்பு வலி, கழுத்து வலிக்கு ஓரளவு உதவுகிறது. நாங்களும் அதில் ஒரு பகுதியைச் செய்கிறோம். தூக்கமின்மையையே அது தீர்க்கும் என்பதற்கு மட்டும் பலமான சான்று கிடையாது. அந்தச் சத்தமும் எலும்பு தன் இடத்தில் உட்காரும் சத்தமில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும்போது வருவது. விரலில் நெட்டி முறித்தால் வருவதும் அதேதான்.

அப்படியானால் செய்துகொண்டவர்கள் அன்று இரவு நன்றாகத் தூங்கினோம் என்கிறார்களே? தூங்கியிருப்பார்கள். வலி குறைந்தால் தூக்கம் வரும். ஒருவர் அரை மணி நேரம் அக்கறையாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து அனுப்பினால் மனசும் இளகும். வலியால் தூக்கம் கெட்டவருக்கு வலியைப் பார்ப்பதே வைத்தியம். அவருக்குக் கழுத்துப் பயிற்சியும் வெந்நீர் ஒத்தடமும் சொல்லுவேன், தலகாணி உயரத்தைச் சரிசெய்வேன். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையே உள்ள பள்ளம் நிரம்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அவ்வளவு உயரம் ஆகாது. ஆச்சிக்குக் கழுத்து வலியே இல்லை.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கும் பழக்கத்தை நான் எப்போதும் எதிர்ப்பவன். கழுத்தெலும்பின் துவாரங்கள் வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அபூர்வமாக அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. எலும்புத் தேய்மானம் உள்ள வயதானவர்கள், முடக்குவாதக்காரர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. கழுத்தைத் திருப்பியபின் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் மரத்துப்போவது எது வந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்.

சரி, ஆச்சிக்கு ஏன் தூக்கம் வரவில்லை? அவர் ஒரு நாளைக் கேட்டேன். பெரிய வீடு. முகப்பு, நடுவில் முற்றம் உள்ள வளவு, இரண்டாம் கட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவரும் வேலைக்கு வரும் ஒரு பெண்ணும்தான். மதியம் சாப்பிட்டதும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பாயைப் போட்டால் ஜிலுஜிலுவென்று இருக்கும். இரண்டு மணி நேரம் போவதே தெரியாதாம். நாலரைக்கு இடைப்பலகாரம், காபி. ஏழு மணிக்கு இன்னொரு காபி. ஒன்பதுக்குப் படுக்கை. பத்தரைக்கு நியூஜெர்சியில் இருக்கும் மகன் மதிய இடைவேளையில் கூப்பிடுவார். பேசி முடித்தால் பதினொன்றேகால். அப்புறம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி வரை.

நாலரைக்கு நாலு சீயமும் கந்தரப்பமும் சாப்பிட்டால் எட்டு மணிக்குப் பசிக்குமா ஆச்சி என்று கேட்டேன். சிரித்தார். தூக்கத்துக்கும் ஒரு பசி உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் அந்தப் பசி. மதியத் தூக்கம் அதைத் தின்றுவிடுகிறது. காபியோ அதை மூளை உணரவிடாமல் மறைக்கிறது. குடித்த காபியில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இதில் உடம்பின் கடிகாரம் வேறு இருக்கிறது. காலை வெளிச்சம்தான் அதற்குச் சாவி. ஆச்சியோ வெயில் ஏறும்வரை வளவைத் தாண்டுவதில்லை.

நீண்ட நாள் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது மாத்திரையை இல்லை. தூக்கப் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய பயத்தையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையை. வாரம் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டால் அது நீண்ட நாள் கணக்கு. இதை முறையாகச் செய்பவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும். நம் பக்கத்தில் மனநல மருத்துவரிடம் போ என்றால் முகம் சுளிப்பார்கள். அது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அந்த முறையில் எல்லோருக்கும் வியப்பாக இருக்கும் ஒன்று, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. தூக்கம் வரவில்லையே என்று சீக்கிரம் படுப்பதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. ஒன்பதுக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தால் ஒன்பது மணி நேரம். ஆச்சி இரண்டு வாரம் நோட்டில் எழுதிய கணக்குப்படி தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் படுக்கை என்றால் கவலைப்படும் இடம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அதனால் பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழச் சொன்னோம். இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வளவில் உட்கார வேண்டும். கண் சொருகினால்தான் திரும்பப் படுக்க வேண்டும். தூக்கம் நிலைப்பட்ட பின் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டலாம். வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் இதைத் தாமாகச் செய்யக் கூடாது.

மாத்திரையை நான் தொடவில்லை. அல்பிரசோலம் போன்றவற்றை நாள்பட எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் பதற்றமும் நடுக்கமும் வரும், வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருப்பதும் தப்பு. இரவில் பாத்ரூமுக்கு எழுந்து, தள்ளாடி விழுந்து, இடுப்பு உடைந்து என்னிடம் வந்த பெரியவர்கள் சிலரின் தலகாணி அடியில் இந்த மாத்திரை அட்டை இருந்தது.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தேவகோட்டையிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். இரவெல்லாம் புரளுகிறேன், காலையில் எழுந்தால் தலைவலி, கழுத்து இறுக்கம் என்றார். ஆறு வாரம் கழுத்துக்கே வைத்தியம் பார்த்தேன். ஒருநாள் கூட வந்த மனைவி சொன்னார்: ‘குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாக, திடீர்னு மூச்சே நின்னுரும், அப்புறம் திணறி எழுந்திருவாக.’ எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது தூக்கத்தில் மூச்சுத்தடை. முதல் நாளே குறட்டையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். மதுரையில் தூக்கப் பரிசோதனை செய்து, இரவில் காற்றழுத்தம் தரும் கருவி வாங்கிக்கொண்டார். இப்போது பகலில் கல்லாவில் தூங்குவதில்லை. இப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரை மூச்சுத்தடையை இன்னும் மோசமாக்கலாம்.

ஆச்சிக்கு முதல் இரண்டு வாரம் கொடுமையாக இருந்தது. ‘நீ சொன்னதைக் கேட்டு இருந்த தூக்கமும் போச்சு’ என்று போனில் திட்டினார். ஐந்தாவது வாரம் திட்டு நின்றது. மதியத் தூக்கம் இருபது நிமிடமாகச் சுருங்கிவிட்டது, இரண்டாவது காபி போய்விட்டது. மகனின் அழைப்பைக் காலை ஆறரைக்கு மாற்றினார்கள். அங்கே அப்போது இரவு ஒன்பது. ஊரணிக் கரையில் நடந்துகொண்டே பேசுகிறார், படித்துறையையும் தண்ணீரையும் பேராண்டிக்குக் காட்டுகிறார். டாக்டர் பாதி மாத்திரையைக் கால் மாத்திரையாக்கியிருக்கிறார். இன்னும் முழுதாக நிற்கவில்லை.

போன வாரம் வந்தபோது எல்லாம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். ‘அது சரி தம்பி, அந்தச் சொடக்கு மட்டும் ஒரே ஒருக்கா எடுத்துப் பாக்கலாமா?’