பாய்மரப் படகின் இரவு விளக்குகள்: விதி கேட்பது என்ன, எங்கே பிழைக்கிறது

கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே இரவில் பாய் விரித்துச் செல்லும் படகு, எதிரே வரும் கொள்கலன் கப்பலின் கண்ணுக்குப் படகாகத் தெரியாது. விளக்குகள் மட்டுமே தெரியும். அது பாயில் ஓடுகிறதா எஞ்சினில் ஓடுகிறதா, எந்தப் பக்கம் போகிறது, யார் விலக வேண்டும் என்பதையெல்லாம் அந்த விளக்குகளை வைத்தே தீர்மானிக்கிறார்கள். விளக்கே இல்லாமல் போவது எவ்வளவு ஆபத்தோ, பிழையான விளக்கோடு போவதும் அவ்வளவு ஆபத்து.

இதற்குரிய சட்டம் 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்புச் சர்வதேச விதிகள். 1977 யூலை 15 முதல் நடைமுறையில் உள்ள இவற்றை இலங்கையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரிய கப்பல்களுக்குத்தான் இவை என்று நினைப்பது தவறு. ஐந்து மீற்றர் படகும் இதற்குள் அடக்கம். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை விளக்கு எரிய வேண்டும். கொழும்பில் அது வருடம் முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம். பகலிலும் கடும் மழையில் பார்வை மங்கினால் விளக்கைப் போட்டே ஆக வேண்டும். துறைமுக எல்லைக்குள் போகிறவர்கள் இலங்கைத் துறைமுக அதிகார சபையின் அறிவுறுத்தல்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாயில் மட்டும் ஓடும் படகுக்கு மூன்று விளக்குகள். வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு, பின்னால் வெள்ளை. பக்க விளக்கு ஒவ்வொன்றும் நேர் முன்னிருந்து 112.5 பாகை வரை தெரிய வேண்டும். பின்விளக்கு 135 பாகை. மூன்றையும் கூட்டினால் 360. அதாவது எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரு நிறம் தெரியும், நேர் முன்னால் நின்றால் மட்டும் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரியும். 20 மீற்றருக்குக் குறைந்த படகு இந்த மூன்றையும் ஒரே கூட்டில் அடக்கிப் பாய்மர உச்சியில் வைக்கலாம். இதுவே மூவர்ண விளக்கு. விரும்பினால், படகின் உடலில் பூட்டிய கீழ் விளக்குகளோடு சேர்த்து உச்சியில் மேலே சிவப்பு, கீழே பச்சை என்று சுற்றிலும் தெரியும் இரண்டு விளக்குகளும் போடலாம். மூவர்ண விளக்கோடு மட்டும் அவற்றைச் சேர்க்கக் கூடாது.

உச்சி விளக்கா, கீழ் விளக்கா? ஆழ்கடலில் உச்சி விளக்குத்தான் நல்லது. அலைக்குள் மறையாது, தூரத்திலிருந்து தெரியும். துறைமுக வாயிலிலும் முகத்துவாரம் பக்கத்து மீன்பிடிப் படகுகளின் நடுவிலும் கீழ் விளக்கே பொருத்தம். பக்கத்தில் வருகிறவர் தலைக்கு மேலே 12 மீற்றர் உயரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் படகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று மட்டுக்கட்ட முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் எரிய விடுவது விதிக்கு முரண்.

அதிகம் பிழைக்கும் இடம் எஞ்சின். பாய் விரிந்திருந்தாலும் எஞ்சின் படகைத் தள்ளுகிற அந்த நிமிடத்திலிருந்து சட்டப்படி அது எஞ்சின் படகு. மூவர்ண விளக்கை அணைத்து, கீழ்ப் பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் போட்டு, பாய்மரத்தின் முன்பக்கத்து வெள்ளை விளக்கையும் ஏற்ற வேண்டும். இந்த வெள்ளை 225 பாகை தெரியும். பக்க விளக்குகளை விட ஒரு மீற்றராவது உயரத்தில் இருக்க வேண்டும். இதே நிலையில் பகல் என்றால் முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு ஒன்றை முன்னால் தூக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தியதும் அந்த வெள்ளையை அணைக்க மறந்துவிடாதீர்கள். அணைக்காவிட்டால், பாய்ப் படகான உங்களுக்கு வழிவிட வேண்டியவர், உங்களை எஞ்சின் படகென்று நினைத்து, நீங்கள் வழிவிடுவீர்கள் என்று காத்திருப்பார்.

நங்கூர விளக்கிலும் இதே சிக்கல்தான். சுற்றிலும் தெரியும் ஒற்றை வெள்ளை, படகு நங்கூரத்தில் நிற்கிறது என்பதற்கான அடையாளம். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று பாயில் ஓடும்போதும் அதை எரிய விடுகிறவர்கள் உண்டு. கீழ்ப் பக்க விளக்குகளோடு அது சேர்ந்தால், 12 மீற்றருக்குக் குறைந்த எஞ்சின் படகின் அடையாளம் அப்படியே வந்துவிடும். மூவர்ண விளக்குக்கு மேலே அது எரிந்தால், இடப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு மேலே வெள்ளை, கீழே சிவப்பு. துறைமுக வழிகாட்டிப் படகு போடும் விளக்கும் அதுவே. ஆனால் இதில் ஒரு பயனும் உண்டு: எஞ்சினில் ஓடும்போது முன்பக்கத்து வெள்ளை விளக்கு பழுதானால், 12 மீற்றருக்குக் குறைந்த படகு பின்விளக்கை அணைத்து, நங்கூர விளக்கையும் பக்க விளக்குகளையும் மட்டும் போட்டுச் சட்டப்படியே கரைக்கு வரலாம்.

7 மீற்றருக்குக் குறைந்த பாய்ப் படகு, முடிந்தால் மேற்சொன்ன விளக்குகளைப் போட வேண்டும். முடியாதென்றால் வெள்ளை டோர்ச் ஒன்றைக் கையருகே வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்ட வேண்டும். துடுப்பு வலிக்கும் வள்ளத்துக்கும் இதே சலுகைதான். டோர்ச்சைப் பாய் மீது அடியுங்கள். வெள்ளைப் பாய் முழுவதும் ஒளிர்ந்தால் எதிரே வருபவருக்கு அது படகு என்று சட்டென விளங்கும். நேரே கப்பல் மேல்தளத்தில் அடித்தால் அங்கே நிற்பவரின் இரவுப் பார்வைதான் கெடும். விட்டு விட்டு மின்னும் விளக்குகளையும் தவிர்க்கச் சொல்கிறது விதி.

பாயை ஒளியூட்டும் பழக்கம் பெரிய படகுகளுக்கும் வேண்டும், கொழும்புக்கு முன்னால் குறிப்பாக. மேற்கிலிருந்து வரும் கப்பலுக்கு உங்கள் விளக்கின் பின்னணியில் காலிமுகத்திடல் ஹோட்டல்களும் துறைமுக நகரமும் தாமரைக் கோபுரமும் எரிகின்றன. 12 மீற்றருக்குக் குறைந்த படகின் பக்க விளக்கு ஒரு கடல் மைல் தெரிந்தால் போதும் என்கிறது விதி. பின்விளக்குக்கு இரண்டு மைல். கப்பல் 15 நொட், நீங்கள் 5 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்று நேருக்கு நேர் வந்தால் அந்த ஒரு மைல் மூன்றே நிமிடங்களில் தீர்ந்துவிடும். இதனால் 12 முதல் 20 மீற்றர் வரையான படகுகளுக்குரிய இரண்டு மைல் பக்க விளக்கைச் சிறிய படகிலும் பூட்டுவதே நல்லது.

சரியான விளக்கை வாங்கினாலும் வயர் கெடுத்துவிடும். 12 வோல்ற் இழைக் குமிழுக்குப் பத்து வீதம் வோல்ற் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது வீதம் குறையும். மெல்லிய வயரும் பச்சை பூத்த முனைகளும் சாதாரணமாகவே அந்தளவு குறைத்துவிடும். ஈயம் பூசிய செப்பு வயரைப் போட்டு, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது குமிழின் முனையிலேயே மீற்றர் வைத்து அளந்து பாருங்கள். 25 வற் இழைக் குமிழ் ஓர் இரவுக்கு 25 அம்பியர் மணி அளவு பற்றரியைக் குடிக்கும். எல்ஈடிக்கு அதில் பத்தில் ஒன்று போதும். ஆனால் பழைய கூட்டுக்குள் எல்ஈடிக் குமிழை மட்டும் மாற்றிப் போட்டால் பச்சை நீலமாகத் திரியலாம், நிறங்கள் பிரியும் கோடும் கலங்கலாம். எல்ஈடிக்கென்றே செய்த முழுக் கூட்டை வாங்குங்கள். சில எல்ஈடி விளக்குகள், மற்றக் கலங்களோடு பேசும் வீஎச்எப் வானொலியையும் குழப்பும். விளக்கை அணைத்து, ஒரு வெறும் அலைவரிசையில் இரைச்சல் நிற்கும் புள்ளி வரை, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகியைத் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடும்போது இரைச்சல் திரும்பி வந்தால் அந்த விளக்கை மாற்ற வேண்டும்.

படகு சாயும்போது முன்பாய் பக்க விளக்கை மூடுகிறதா, பின்னால் கட்டிய ரப்பர் வள்ளம் பின்விளக்கை மறைக்கிறதா என்பதை மற்றொரு படகிலிருந்துதான் பார்க்க முடியும்.

விளக்கு சரியாக இருந்தால் எல்லோரும் விலகுவார்கள் என்றும் இல்லை. மேலே சிவப்பு, கீழே வெள்ளை தெரிந்தால் வலையோ தூண்டிலோ போட்டு நிற்கும் மீன்பிடிக் கலம். மேலே பச்சை, கீழே வெள்ளை என்றால் இழுவை வலை. இரண்டுக்கும் பாய்ப் படகுதான் வழிவிட வேண்டும். முந்திப் போகும் படகு, பாய்ப் படகாக இருந்தாலும், தானே விலகிப் போக வேண்டும். துறைமுக வாய்க்காலுக்குள் மட்டுமே ஓடக்கூடிய கப்பலுக்கு எந்தப் பாய்ப் படகும் குறுக்கே நிற்கக் கூடாது.