கழிவிரக்கம்

போர் நாவல்களைப் பற்றி எழுதும்போது ‘ரிமோர்ஸ்’ (remorse) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பச்சாதாபம் என்றோ குற்றவுணர்வு என்றோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. கழிவிரக்கம் என்பதே பொருந்துகிறது.

ரிமோர்ஸ் லத்தீனிலிருந்து வந்தது. ‘மோர்தேரே’ என்றால் கடிப்பது. முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் திரும்பக் கடிப்பது. பச்சாதாபம் வடசொல்: பஸ்சாத் (பிறகு), தாபம் (வெப்பம்). செய்து முடித்தபின் உள்ளே எரிவது. நல்ல சொல்தான், ஆனால் தமிழுக்கு வந்து தடம் மாறிவிட்டது. இன்றைக்கு ‘அவனைப் பார்த்தால் பச்சாதாபமாக இருக்கிறது’ என்றால் பரிதாபம் என்றுதான் அர்த்தம். குற்றவுணர்வோ, தப்பு செய்துவிட்டோம் என்பதோடு நின்றுவிடலாம். செத்தவன் மேல் இரக்கம் வரவேண்டும் என்பதில்லை.

கழிவிரக்கம் என்பது கழிந்துபோனதற்கு இரங்குவது. இதையும் சிலர் தன்னிரக்கம் என்ற பொருளில் எழுதுகிறார்கள், அது வேறு. இரங்குதல் என்ற வினை குறளிலேயே இருக்கிறது: ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ (655). ‘என்ன காரியம் செய்துவிட்டேன்’ என்று பின்னால் வருந்தும்படியானதைச் செய்யாதே. அடுத்த அடிக்குப் பரிமேலழகர் சொல்லும் உரை விசித்திரமானது: ஒருவேளை செய்துவிட்டால், அதன்பின் உட்கார்ந்து இரங்காமல் இருப்பது நல்லது.

ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் முதல் உலகப்போர் நாவல் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ (1929). அதில் போருக்குப் பழகிப்போன ஜெர்மன் சிப்பாய் பால் பாய்மர், குண்டு விழுந்த பள்ளத்தில் பதுங்கியிருக்கிறான். மேலே வந்து விழும் பிரெஞ்சுக்காரனைக் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் உடனே சாவதில்லை. பல மணி நேரம் அந்த மூச்சுச் சத்தத்தோடு கிடக்கவேண்டியிருக்கிறது. குத்திய கையே தண்ணீர் கொடுக்கிறது, காயத்துக்குக் கட்டுப் போடுகிறது. உயிர் போனபின் பணப்பையைத் திறந்தால் மனைவி, குழந்தை படங்கள், கடிதங்கள். பெயர் ஜெரார் துவால், அச்சுக்கோப்பவன். நானும் அச்சுத் தொழிலாளி ஆகவேண்டும் என்று பாய்மர் பிதற்றுகிறான். எதிரி என்ற பொதுப்பெயர் போய், தொழிலும் குடும்பமும் உள்ள ஓர் ஆள் கிடைத்த பிறகுதான் இந்த இரக்கம் வருகிறது. குற்றவுணர்வு என்ற சொல்லில் இது அடங்காது.

அப்புறம்? மறுநாள் காலையில் நண்பர்கள் தேற்றுகிறார்கள். ‘போர் என்றால் போர்தானே’ என்று அவனே சொல்லிக்கொள்கிறான். பரிமேலழகர் சொன்னபடியே நடக்கிறது, ஆனால் படிக்க நிம்மதியாக இல்லை.

ஒரு விஷயம்: கழிவிரக்கம் கட்டுரைக்கும் விமர்சனத்துக்குமான சொல். சிப்பாயின் வாயில் ‘கழிவிரக்கம் கொண்டேன்’ என்று வைத்தால் நாடகம்போல் இருக்கும். அங்கே ‘மனசு அரிக்குது’ போதும்.