விலைப்பட்டியலில் 'ஜாதி' என்று இருந்தால்

ஜாவா தீவின் ஜெப்பாராவிலிருந்து ஃபர்னிச்சர் இறக்குமதி செய்பவர்களுக்கு மரத்தைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அங்கிருந்து வரும் விலைப்பட்டியலில் 'காயு ஜாதி' என்று பார்த்ததும் பலர் தயங்குகிறார்கள். நம் ஊரில் ஜாதிக்காய்ப் பலகை என்றால் சரக்குப் பெட்டி அடிக்கிற மலிவான பலகை. மலையாளத்திலும் ஜாதி என்றால் ஜாதிக்காய் மரம்தான். இந்தோனேசிய மொழியில் 'காயு' என்றால் மரம், 'ஜாதி' என்றால் தேக்கு. 'டெக்டோனா கிராண்டிஸ்' என்கிற அசல் தேக்கேதான். 'உண்மையான' என்ற பொருளும் அங்கே அந்தச் சொல்லுக்கு உண்டு. ஆகவே வெறும் 'ஜாதி' என்று இருந்தால் பயம் வேண்டாம்.

பக்கத்தில் இன்னொரு சொல் ஒட்டியிருந்தால்தான் நிதானிக்க வேண்டும். 'ஜாதி புத்தே', அதாவது வெள்ளைத் தேக்கு, நம் குமிழ் மரம். நல்ல மரம்தான், வேகமாக வளரும், எடை குறைவு. ஆனால் அதற்குத் தேக்கு விலை கொடுக்கக் கூடாது. 'ஜாதி பெலாண்டா', சொல்லுக்குச் சொல் டச்சுத் தேக்கு, பெரும்பாலும் சரக்குப் பலகைகளைப் பிரித்து எடுத்த பைன். இதே பெயரை ஜாவாவின் நாட்டு மருந்துக் கடையில் சொன்னால் உடல் இளைக்கக் குடிக்கிற ஓர் இலையைக் கொடுப்பார்கள். அது வேறொரு மரம்! பைன் நாற்காலியைத் தேக்கென்று நம்பி மழைபடும் முற்றத்தில் போட்டால் சீக்கிரமே உளுத்துவிடும்.

சாயம் பூசிய மேற்பரப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கட்டையின் குறுக்குவெட்டு முகத்தைக் கூரான பிளேடால் மெல்லச் சீவி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். பைனில் அப்படித் துளைகளே இருக்காது. குமிழில் அந்த வரிசை அவ்வளவு தெளிவாக இராது. நிறமும் வைக்கோல் போல வெளிறியிருக்கும்.

அசல் தேக்கிலும் ஒரு சங்கதி உண்டு. இளமரத்தில் வெளிப்புற வெள்ளைப்பகுதி அதிகம். வைரம் பாய்ந்த பகுதிக்கு இருக்கிற கரையான் எதிர்ப்பு அதற்கு இல்லை. சாயம் இதையும் மறைத்துவிடும். இழுப்பறையின் உட்புறம், மேசையின் அடிப்பக்கம் இரண்டையும் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பில்லில் தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளைப்பகுதி எவ்வளவு இருக்கலாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுங்கள். பாலிஷ் போடாத மாதிரிக் கட்டை கைக்கு வந்து, சோதித்த பிறகு முன்பணம் அனுப்பினால் போதும்.