கொறடா: சொல் வந்த வழி

சட்டமன்றத்தில் முக்கியமான வாக்கெடுப்பு வந்தால் ‘கொறடா உத்தரவு’ என்று செய்தியில் அடிபடும். தன் கட்சி உறுப்பினர்களை வாக்களிக்க வரவழைப்பவர்தான் கொறடா. பேச்சு வழக்கில் குறடு என்ற இடுக்கியையும் கொறடு என்பதால் இரண்டும் ஒன்றோ என்று தோன்றலாம், சம்பந்தமே இல்லை. மராத்தியில் கோர்டா, இந்தியில் கோடா, இரண்டுமே சாட்டைதான். நம் கொறடா அந்த வழியில் வந்தது. ஆங்கிலத்தில் பதவியின் பெயர் விப், அதாவது சாட்டை, அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஆனால் அந்த விப், விப்பர்-இன் என்பதன் சுருக்கம். நரி வேட்டையில் கூட்டத்தை விட்டு விலகி ஓடும் நாய்களைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிற ஆளுக்கு அந்தப் பெயர்.

விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொறடா வேலையைப் பார்த்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் க்ரோவ்னர் பிரபு. வெஸ்ட்மின்ஸ்டர் மார்க்விஸ் என்ற உயர்குடிப் பட்டம் பெற்றவரின் இளைய மகன் என்பதால் ‘லார்ட்’ மரியாதைப் பட்டம் மட்டும்தான், பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. அதனால் 1861இல் வேல்ஸின் ஃபிளின்ட்ஷயர் தொகுதி உறுப்பினராக மக்கள் சபைக்கு வந்து, 1880 முதல் 1885 வரை பிரதமர் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி அரசின் தலைமைக் கொறடாவாக இருந்தார். பதவியின் அதிகாரப்பூர்வப் பெயரில் சாட்டையே இல்லை, கருவூலத்தின் நாடாளுமன்றச் செயலாளர் என்பதுதான்.

வேலை என்னவென்றால் ஆள் சேர்ப்பது. உறுப்பினர்களுக்கு அனுப்பும் தாளில் அன்றைய அலுவலுக்குக் கீழே கோடு போடுவார்கள், கோடு கூடக்கூட அவசரம் கூடும். அந்தக் காலத்தில் வாக்கெடுப்பு மணி அடித்ததும் மேஜை மேல் இரண்டு நிமிட மணல் கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள், மணல் இறங்கியதும் கதவு பூட்டப்படும், வெளியே நிற்பவருக்கு வாக்கு இல்லை. 1885 ஜூன் 8 இரவு பட்ஜெட் மீதான திருத்தத்தில் லிபரல்கள் பலர் வராமல் போக, 264க்கு 252 என்று அரசு தோற்று, கிளாட்ஸ்டன் விலகினார். அடித்துப் பயன் என்ன, ஆள் வந்திருக்க வேண்டும்! அடுத்த ஆண்டு க்ரோவ்னர் ஸ்டால்பிரிட்ஜ் பிரபுவாகி மேலவைக்குப் போனார். அயர்லாந்து தன்னாட்சி விஷயத்தில் தன் பழைய தலைவர் கிளாட்ஸ்டனோடு நிற்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சவுக்கு பாரசீகச் சாபுக்கிலிருந்து வந்தது. சாட்டை நம் சொல், ஆனால் ஒரு மனிதரைத் ‘தலைமைச் சாட்டை’ என்று கூப்பிட முடியாது. கருவியை விட்டுவிட்டு வேலையைப் பிடித்தால் ‘அணிகூட்டி’ பொருந்தும் என்பது என் கருத்து. உத்தரவை ‘அணிக்கட்டளை’ எனலாம். தமிழ்நாட்டில் ‘தலைமைக் கொறடா’வும் இலங்கையில் ‘பிரதம கொறடா’வும் ஊன்றிவிட்டன, ஆனாலும் பள்ளிப் பாடத்திலாவது அடைப்புக்குறிக்குள் அணிகூட்டியைப் போட்டுப் பழக்கலாம்.